வரக்காப்பொலையிலிருந்து சிட்னி வரை: சுசந்திகா ஜயசிங்கவின் ஓட்டம் உணர்த்தும் பாடங்கள்

ஒலிம்பிக் போட்டிகளில் இலங்கை இதுவரை வென்ற பதக்கங்கள் இரண்டே இரண்டு. முதலாவது, 1948ஆம் ஆண்டு இலண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் பெற்ற வெள்ளிப்பதக்கம். மற்றையது, 52 ஆண்டுகள் கழித்து சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் வென்றெடுத்தது. அந்த இரண்டாவது பதக்கத்துக்கு உரியவர் கொழும்பின் புகழ்பெற்ற கல்லூரிகளில் உருவானவர் அல்லர். சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், வரக்காப்பொலைப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில், வறுமைப்பட்ட குடும்பமொன்றில் 1975 டிசம்பர் 17ஆம் திகதி பிறந்தவர்.

அவர் பிறந்த மண்ணின் மறுபக்கத்தில், தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை எனப் பரந்து கிடக்கும் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் எமது மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். மாவனல்லை, ஹெம்மாதகம, பலாங்கொடை ஆகிய இடங்களில் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். ஒரே மாகாணத்தின், ஏறத்தாழ ஒரே விதமான வறுமையின் நடுவிலிருந்து ஒருவர் உலகின் உச்சத்துக்குச் சென்றார். ஏனையோருக்கு அது ஏன் இயலாமற் போயிற்று, சென்றவருக்கும் முடிவில் என்ன நேர்ந்தது என்ற இரு வினாக்களுக்கும் விடை தேடுவதற்கு அவரது வாழ்க்கை வரலாறு துணை செய்யும்.

ஏதென்ஸில் கிடைத்த அறிமுகம்

சர்வதேச அரங்கில் சுசந்திகாவின் பெயர் முதலில் ஒலித்தது 1994ஆம் ஆண்டில், ஹிரோஷிமாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் ஆகும். 200 மீற்றர் ஓட்டத்தில் அவர் வெள்ளிப்பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது 18. எனினும் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1997 ஓகஸ்ட் மாதத்திலேயே. கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பின் 200 மீற்றர் இறுதி ஓட்டத்தில் உக்ரைனின் ஷன்னா பின்டுசேவிச் 22.32 செக்கன்களில் முதலிடம் பெற்றார். 22.39 செக்கன்களில் ஓடிமுடித்த சுசந்திகா இரண்டாமிடம் பெற்றார். உலகப் புகழ்பெற்ற ஜமேக்கா வீராங்கனை மெர்லின் ஒட்டி 22.40 செக்கன்களுடன் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார்.

செக்கனின் நூறில் ஒரு பங்கு என்பது எவ்வளவு? 200 மீற்றரை 22 செக்கன்களில் கடக்கும் ஒருவர் ஒரு செக்கனில் ஏறத்தாழ 9 மீற்றர் தூரம் ஓடுகிறார். ஆகவே நூறில் ஒரு செக்கன் என்பது சுமார் 9 சென்ரிமீற்றர். ஒரு கையின் விரல்களைச் சற்று விரித்தால் வரும் அகலம். வெற்றிக்கோட்டைக் கால் தொடும் நேரமோ, கை தொடும் நேரமோ கணக்கில் எடுக்கப்படுவதில்லை. மார்புப் பகுதி கோட்டை எட்டும் கணமே கணக்கிடப்படுகிறது. எனவேதான் வீரர்கள் இறுதி எட்டில் உடலை முன்னே வளைக்கின்றனர். கண்ணால் பிரித்தறிய முடியாத இந்த இடைவெளியை வெற்றிக்கோட்டில் பொருத்தப்பட்ட நிழற்படக் கருவி தீர்மானிக்கிறது. அந்த 9 சென்ரிமீற்றர் ஏதென்ஸில் சுசந்திகாவின் பக்கம் நின்றது. மூன்று ஆண்டுகளின் பின்னர் அதே 9 சென்ரிமீற்றர் அவருக்கு எதிராகத் திரும்பியது.

200 மீற்றர் ஓட்டம் குறுந்தூர ஓட்டங்களுள் தனித்தன்மை கொண்டது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். அதன் முற்பாதி வளைவிலும் பிற்பாதி நேர்பாதையிலும் அமைகிறது. வளைவில் ஓடுபவரின் உடல் உட்புறம் சாய வேண்டும். வேகத்தால் வெளிப்புறம் தள்ளப்படுவதைக் கால்கள் தாங்க வேண்டும். நேர்பாதைக்கு வந்ததும் அந்தச் சாய்வை விடுத்து, குறைந்துகொண்டு போகும் வேகத்தை இயன்றவரை காத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இயற்கையான வேகம் மாத்திரம் போதாது. அளந்து வரையப்பட்ட ஓடுபாதையில் ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். கிராமத்துப் பாடசாலை மைதானத்தில் ஆரம்பித்த ஒருவர் இத்தகைய நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்தார் என்பதே அவரது சாதனையின் கனத்தை உணர்த்தப் போதுமானது.

பழியும் விடுதலையும்

ஏதென்ஸ் வெற்றியின் பின்னர் நாடே அவரைக் கொண்டாடியது. ஆனால் ஓராண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழானது. 1998ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தைப் பயன்படுத்தியதாக அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. போட்டிகளில் பங்குபற்றுவதிலிருந்து அவர் இடைநிறுத்தப்பட்டார். இது தமக்கு எதிரான சதி என அவர் கூறினார். விளையாட்டு நிர்வாகத்தின் உயர்பீடத்திலிருந்து தமக்குப் பாலியல் ரீதியான தொந்தரவு இருந்ததாகவும், அதற்கு இணங்காமையால் பழிவாங்கப்படுவதாகவும் பகிரங்கமாக முறையிட்டார். விசாரணைகளின் பின்னர் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். ஆயினும் ஒரு குறுந்தூர ஓட்ட வீராங்கனையின் உடல் உச்ச நிலையில் இருக்கும் ஆண்டுகள் மிகச் சிலவே. அவற்றுள் விலைமதிப்பற்ற ஒரு காலப்பகுதி விசாரணை மண்டபங்களில் கழிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் அவரது நாட்டவரான தமயந்தி தர்ஷா 200 மீற்றர், 400 மீற்றர் ஆகிய இரு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். சுசந்திகாவும் அங்கு ஓடியிருப்பின் ஆசியக் களத்தில் இலங்கைப் பெண்களின் பலம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஓர் இளம் பெண் அதிகாரத்தில் உள்ளோருக்கு எதிராக முறையிடும்போது அவளுக்குப் பக்கபலமாக நிற்பவர் யார் என்ற கேள்வி அன்று எழுந்தது. இன்றும் அது தீரவில்லை. உலகப் பதக்கம் வென்றவருக்கே இந்தக் கதி என்றால், தோட்டப் பாடசாலையிலிருந்து மாகாண மட்டப் போட்டிக்கு முதன்முதலாகச் செல்லும் ஒரு சிறுமியின் முறைப்பாட்டைச் செவிமடுப்பவர் எவர்? பெண் பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரைப் பழமைவாதிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. அவர்களது அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் அதனை நீக்கும் வழியைப் பற்றிப் பேச முடியும்.

சிட்னியின் வெண்கலம், ஒன்பது ஆண்டுகளின் பின்னர் வெள்ளி

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி சிட்னி ஒலிம்பிக் அரங்கில் 200 மீற்றர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கன்களில் முதலிடத்தையும், பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27 செக்கன்களில் இரண்டாமிடத்தையும் பெற்றனர். சுசந்திகா 22.28 செக்கன்களில் மூன்றாமிடம். அவரது வாழ்நாளின் அதிசிறந்த நேரமும் அதுவே. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையில் நின்றது அதே நூறில் ஒரு செக்கன். இலங்கைப் பெண்ணொருவர் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதலாவது சந்தர்ப்பம் அதுவாகும். நூறில் ஒரு செக்கனால் பதக்கத்தையே இழந்தவர்களும் உண்டு. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் இந்தியாவின் பி.ரி.உஷா அவ்வாறே நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்டார்.

கதை சிட்னியுடன் முடியவில்லை. 2007 ஒக்டோபரில் மரியன் ஜோன்ஸ், தாம் ஊக்கமருந்து பயன்படுத்தியதை அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். புலனாய்வு அதிகாரிகளிடம் பொய் கூறியமைக்காக 2008இல் அவருக்கு ஆறு மாத சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிட்னியில் அவர் பெற்ற பதக்கங்கள் அனைத்தும் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு 200 மீற்றர் பதக்கங்களை மறுபடி பங்கிட்டபோது டேவிஸ் தொம்சனுக்குத் தங்கமும் சுசந்திகாவுக்கு வெள்ளியும், நான்காவதாக வந்த ஜமேக்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலமும் உரித்தாயின.

வரலாறு சில வேளைகளில் தன் கணக்கைத் தானே நேர்செய்கிறது. ஊக்கமருந்துப் பழி சுமத்தப்பட்டு விடுவிக்கப்பட்டவர், ஊக்கமருந்தால் வென்றவரின் வீழ்ச்சியால் உயர்த்தப்பட்டார். ஆனால் நேர்செய்யப்பட்ட கணக்கில் இழப்பும் உண்டு. வெற்றி மேடையின் இரண்டாவது படியில் நிற்கும் கணத்தை ஒன்பது ஆண்டுகள் கழித்து எவராலும் திருப்பிக் கொடுக்க இயலாது. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஓர் ஒலிம்பிக் வெள்ளிப்பதக்க வீராங்கனைக்குக் கிடைத்திருக்கக்கூடிய அனுசரணைகளும் அழைப்புகளும் போனவை போனவைதாம். ஊக்கமருந்து தடுப்புச் சட்டங்கள் ஏமாற்றுவோரைத் தண்டிப்பதற்கு மாத்திரம் உரியவை அல்ல. நேர்மையாக ஓடுபவரின் உழைப்பைப் பாதுகாப்பதற்கும் அவையே வேலி. இலங்கையும் 2013இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

நீண்ட ஓட்டமும் ஓய்வும்

சிட்னியின் பின்னரும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 2002இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2006இல் டோஹாவில் 100 மீற்றரில் வெள்ளியும் 200 மீற்றரில் வெண்கலமும் பெற்றார். அந்த 200 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றவர் பஹ்ரெய்னின் ருகையா அல் கஸரா. தலையையும் உடலையும் முற்றாக மறைக்கும் ஆடையுடன் ஓடித் தங்கம் வென்ற அவர், மார்க்க ஒழுக்கத்தைப் பேணுவதும் விளையாட்டில் உயர்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்ற எண்ணத்தை ஓடியே தகர்த்தார். பின்னாளில் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனமும் 2017இல் தலையை மறைக்கும் ஆடைக்கு இருந்த தடையை நீக்கியது. எமது முஸ்லிம் பாடசாலைகளின் அதிபர்களும் பெற்றோரும் இவற்றைக் கவனத்திற் கொள்வது நன்று.

2007இல் ஜப்பானின் ஒசாகா நகரில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பில் சுசந்திகா மீண்டும் 200 மீற்றர் இறுதி ஓட்டத்துக்கு வந்தார். ஏதென்ஸ் வெற்றிக்குப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்கு வயது 31. இளம் வீராங்கனைகளான அமெரிக்காவின் அலிசன் பீலிக்ஸ், ஜமேக்காவின் வெரோனிக்கா கம்பெல் ஆகியோருக்கு அடுத்ததாக 22.63 செக்கன்களில் ஓடிமுடித்து வெண்கலம் வென்றார். ஒரு தசாப்த இடைவெளியில் உலக அரங்கில் இரு பதக்கங்கள் வெல்வது குறுந்தூர ஓட்டத்தில் அரிது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றிய பின்னர், 2009இல் ஓய்வை அறிவித்தார்.

ஓய்வுக்குப் பின்னரான வாழ்வு பதக்கங்களைப் போல மின்னவில்லை. 2017ஆம் ஆண்டில், தமக்கு வழங்கப்பட்டு வந்த 60,000 ரூபா மாதாந்தக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டுவிட்டதாகவும், வாழ்க்கைச் செலவுக்காகத் தமது ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப்போவதாகவும் அவர் பகிரங்கமாக அறிவித்தார். நாட்டின் இரு ஒலிம்பிக் பதக்கங்களுள் ஒன்று ஏலத்துக்கு வரும் நிலை ஏற்பட்ட செய்தி, எம்மவர் பலரை வெட்கித் தலைகுனியச் செய்தது. அந்தக் கொடுப்பனவு குறித்து நிர்வாகத்துக்கும் அவருக்கும் இடையில் எத்தகைய கருத்து வேறுபாடுகள் இருந்தன என்பது வேறு விடயம். அடிப்படைக் குறை வேறொன்று. ஓய்வுபெற்ற விளையாட்டு வீரருக்கு வழங்கப்படும் உதவி, சட்டத்தால் வரையறுக்கப்பட்ட உரிமையாக அன்றி, காலத்துக்குக் காலம் மாறும் நிர்வாகத்தின் தயவாக இருப்பதே அக்குறை. தயவு இன்று வரும், நாளை போகும். உரிமை அவ்வாறு போகாது. அரச சேவையாளனுக்கு ஓய்வூதியம் இருக்கிறது; தோட்டத் தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது; முப்பது வயதுக்குச் சற்று மேல் தொழில் முடிந்துவிடும் ஓட்ட வீராங்கனைக்கு எதுவும் உறுதியில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

டங்கன் வைட் இலண்டனில் வெள்ளிப்பதக்கம் வென்ற அதே 1948ஆம் ஆண்டில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. நாடு தன் முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டாடிய ஆண்டிலேயே மலையகத் தமிழர்களுட் பெரும்பாலானோர் நாடற்றோராக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கடல் கடந்து அனுப்பியது. எஞ்சியோரின் பிரச்சினை பெருமளவில் முடிவுக்கு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே. ஒரு நாட்டின் சார்பில் ஓடுவதற்கு முதலில் அந்த நாட்டின் கடவுச்சீட்டு வேண்டும். ஆகவே சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து ஏன் ஒரு சுசந்திகா தோன்றவில்லை என்று கேட்பவர்கள், அரை நூற்றாண்டுக் காலம் அந்த வாசல் பூட்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

வாசல் திறந்த பின்னரும் பாதை செப்பனிடப்படவில்லை. தோட்டப் பாடசாலைகள் பலவும் மலைச்சரிவில் அமைந்தவை. நூறு மீற்றர் நீளத்துக்குச் சமதரை கிடைப்பதே அரிது. பிள்ளைகள் விளையாடுவது பெரட்டுக்களத்திலும் லயன்களுக்கு முன்னாலுள்ள குறுகிய முற்றத்திலும்தான். இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் தாய் விடியுமுன்னே வேலைக்குப் போக, மூத்த பெண் பிள்ளை தம்பி தங்கையரைப் பராமரிக்க வேண்டியவளாகிறாள். பாடசாலை முடிந்து பயிற்சிக்குத் தங்கினால் திரும்பிச் செல்லப் பேருந்து இல்லை. மலையேறி இறங்கி மைல் கணக்கில் நடந்து பள்ளிக்கு வரும் அந்தப் பிள்ளைகளின் கால்களில் வலு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்த வலுவை அளந்து பார்க்க அங்கு ஒரு நேரக்கணிப்பானும் இல்லை, அதனைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரும் இல்லை.

சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து சாதனையாளர்கள் தோன்றவே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர், 2024இல் மறைந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1973இல் உலக பில்லியர்ட்ஸ் சம்பியனானவர் எம்.ஜே.எம்.லாபிர். தோட்டத் தொழிலாளராக வந்தவரின் வழித்தோன்றலான முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் 2010இல் டெஸ்ட் அரங்கிலிருந்து விடைபெற்றார். யாழ்ப்பாணத்தின் ஈவினையிலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம், ஆறடிக்கு மேற்பட்ட தமது உயரத்தையே ஆயுதமாக்கி, 2009இலும் 2018இலும் இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஆசிய சம்பியனாவதற்குத் துணைநின்றார். அவுஸ்திரேலியக் கழகங்களுக்காகவும் ஆடினார். ஊரில் பலர் வேடிக்கையாகப் பார்த்திருக்கக்கூடிய அந்த உயரத்தில் ஒரு விளையாட்டு வீராங்கனையைக் கண்டுகொண்ட கண்கள் எங்கோ இருந்திருக்கின்றன. தோட்டங்களுக்கு இன்று வேண்டியது அத்தகைய கண்களே.

அதற்கான வசதிகள் மாகாணத்துக்குள்ளேயே இருக்கின்றன. பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கு பயிலும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பலாங்கொடை, இறக்குவானைத் தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்று பிள்ளைகளின் வேகத்தையும் பாய்ச்சலையும் அளந்து பதிவு செய்தால், பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுத் தரவு கிடைக்கும். பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைக்கும். தோட்ட முகாமைத்துவங்கள் கைவிடப்பட்ட காணியில் ஒரு துண்டைச் சமப்படுத்திக் கொடுப்பதால் நட்டமடையப் போவதில்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் தமிழ்மொழி மூலமான உடற்கல்வி ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புவதில் ஏனைய பாடங்களுக்குக் காட்டும் அக்கறையைக் காட்ட வேண்டும். பெண் பிள்ளைகளின் பயிற்சிக்கும் பயணத்துக்கும் பெண் பொறுப்பாசிரியர் ஒருவர் உடனிருப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். முறைப்பாடுகளை விசாரிக்கும் பொறிமுறை, முறைப்பாட்டுக்கு உள்ளானவரின் கையில் இல்லாதிருப்பதும் அவசியம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்தைக் கொண்டு நாட்டின் விளையாட்டுத்துறையை நிர்வகிப்போர், சர்வதேசப் பதக்கம் வென்றோருக்கான ஓய்வூதியத்தைச் சட்டபூர்வ உரிமையாக்குவது குறித்துச் சிந்திக்க வேண்டும். பதக்கம் வென்றவர் அதனை விற்க முனையும் செய்தியைப் படிக்கும் ஏழைத் தகப்பன், தன் மகளை ஓடவிடுவானா? சுசந்திகாவுக்கு நேர்ந்தது அவர் ஒருவருக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. அவரைப் பார்த்து ஓடத் தொடங்கியிருக்க வேண்டிய நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கும் அது சொல்லாமற் சொன்ன செய்தி.

சுசந்திகா சிங்களப் பெண். அவரது வெற்றி சிங்கள மக்களின் பெருமை என்று எண்ணி ஒதுங்கி நிற்பது எமக்கு அழகன்று. வறுமை, பெண் என்பதால் எதிர்கொண்ட இடர், தலைநகரத்தின் புறக்கணிப்பு என அவர் தாண்டிய தடைகள் ஒவ்வொன்றும் எட்டியாந்தோட்டையின் லயன் பிள்ளைக்கும் மாவனல்லையின் முஸ்லிம் பிள்ளைக்கும் நன்கு பழக்கமானவை. வரக்காப்பொலைக்கும் தெரணியகலைக்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை. வரக்காப்பொலையில் ஒரு பிள்ளையின் வேகத்தைக் கண்டுகொள்ள முடிந்ததென்றால், தெரணியகலையிலும் அது முடிய வேண்டும். அடுத்த ஆண்டு பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் ஆரம்பமாவதற்கு முன், ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் அளந்து வரையப்பட்ட ஓர் ஓடுபாதையாவது இருக்கிறதா என்ற கணக்கெடுப்பிலிருந்து அதிகாரிகள் தம் பணியைத் தொடங்கட்டும்.